குழந்தை எடை மெஷின், வீட்டுக் கிழவிப் பூனை, எட்டு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. பச்சைக் குழந்தைகளைக் கிடத்தி எடை பார்க்கிற டிஜிட்டல் மெஷினை நான் வாங்கியது பூனைக்கு. பெயர் செல்லம்மை. 2009-ல் எங்கள் விறகுப்புரையில் பிறந்தவள், 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் எதுவும் நடக்காததுபோல் அடுப்படியில் வந்து உட்கார்ந்தவள், இப்போது 16 வயது. மூன்று வருடமாக வயிறு சரியில்லை. வாந்தி, இளக்கம், அப்புறம் நாலு நாள் ஒன்றுமே போகாது, திரும்ப வாந்தி. இந்த மூன்று வருடத்தில் அவளுக்காக வாங்கிய பொருள்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும், அதில் பாதி வீண். எடை மெஷின் மட்டும் தினமும் வெளியே எடுக்கிற பொருளாக நின்றுவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினின் கம்பெனி பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அதே வெள்ளை ட்ரே, அதே மூன்று பட்டன், அதே பச்சை வெளிச்சம் ஆன்லைனில் ஐந்தாறு பெயரில் கிடக்கிறது, விலை மட்டும் ஆளுக்கொன்று. நான் கொடுத்தது 1,400 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 20 கிலோ வரை தாங்கும், 5 கிராம் 5 கிராமாக ஏறி இறங்கும், நாலு சின்ன பேட்டரி. பெயரைப் பார்க்காமல் இந்த 5 கிராம் விஷயத்தைப் பாருங்கள், 10 கிராம் என்றாலும் பரவாயில்லை. 50 கிராம், 100 கிராம் என்று போட்டிருந்தால் வேண்டாம். ஏன் என்று வருகிறேன்.

இதற்கு முன்னால் நாங்கள் எடை பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அப்பா அவளை ஒரு ஓலைக் கடவத்தில் வைத்து மேலே துண்டைக் கட்டி, திங்கள்சந்தையில் தேங்காய் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர், தேங்காய் மூட்டை போடுகிற தராசில் கடவத்தோடு வைத்து, அப்புறம் வெறுங்கடவத்தை வைத்துக் கழித்துச் சொல்வார், "மூணு கிலோ சொச்சம் அண்ணாச்சி, உரிச்ச தேங்காய்ன்னா ஆறு வரும்." அந்தச் சொச்சத்தில்தான் விஷயமே இருந்தது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் பாத்ரூமில் நிற்கிற எடை மெஷின். பூனையைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, இறக்கிவிட்டுத் திரும்ப ஏறிக் கழிக்கிற முறை. இன்றைக்கு 3.1, நாளைக்கு 3.3, அடுத்த நாள் 3.0 என்று வரும். அந்த மெஷின் காட்டுவதே 100 கிராம் கணக்கில்தான், அதில் இரண்டு தடவை பார்த்துக் கழித்தால் பிழையும் இரண்டு மடங்கு. நமக்கு 100 கிராம் என்பது ஒரு டம்ளர் தண்ணீருக்கும் காணாது. மூன்று கிலோ பூனைக்கு அது 60 கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ மாதிரி. இரண்டு கிலோவை விழுங்கிவிடுகிற தராசில் யாராவது உடம்பு மெலிகிறதா என்று பார்ப்பார்களா? நாங்கள் பார்த்தோம், ஒரு வருடம்.

நடுவில் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றும் வாங்கினேன், 300 ரூபாய். துணிப்பையில் பூனையைப் போட்டு அதில் தொங்கவிட்டதை இனி என் வாழ்நாளில் செய்யமாட்டேன், கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தராசு இப்போது அம்மா மீன்காரியோடு சண்டை போடுவதற்குப் பயன்படுகிறது.

சரி, மெஷின். முதலில் வந்தது டிஸ்ப்ளேயில் விரிசலோடு வந்தது, திருப்பி அனுப்பி அடுத்தது வர ஒன்பது நாள். இரண்டாவது வந்த அன்றைக்கே செய்த முதல் வேலை, பிரிக்காத ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தது. 1.015 காட்டியது. கவரோடு சேர்த்து அது சரியாகத்தான் இருக்க வேண்டும், சரியில்லையென்றாலும் கவலையில்லை, என்றைக்கு வைத்தாலும் அதே 1.015 காட்டினால் போதும். அந்தப் பாக்கெட்டைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது என்று மேலே மார்க்கர் பேனாவால் எழுதி மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை உப்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூனை. மழைக்காலத்தில் உப்பே ஈரம் இழுக்குமோ என்று தங்கை கேட்டாள், பாக்கெட் ஒட்டியபடியே இருப்பதால் இதுவரை மாறவில்லை.

ட்ரே வழுவழு என்று இருக்கும். குழந்தைக்கு அது சரி, பூனைக்கு நகம் பிடிக்க இடமில்லை, ஏற்றிய நொடியில் குதித்துவிட்டாள். இரண்டாம் நாள் துண்டு விரித்தேன், அதையும் மதிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த மெஷின் வந்த அட்டைப்பெட்டியையே ஓரம் வெட்டி ட்ரேயின் மேல் வைத்தேன். பூனை வளர்க்கிறவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிடவே வேண்டாம், அவளாக வந்து ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். பெட்டியை வைத்து டேர் பட்டனை அழுத்தினால் பூஜ்யம், பூனை ஏறினால் பூனை எடை மட்டும். அசைந்துகொண்டே இருந்தாலும் சில வினாடிகளில் ஒரு எண்ணில் பிடித்து நிறுத்திக்கொள்ளும், குழந்தைகளும் கைகாலை ஆட்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இந்த ஒரு வசதிக்காகவே சமையலறைத் தராசை விட இது மேல்.

முதல் எடை, தை மாதம், 3.140. நோட்டில் எழுதினேன். சரியாக நாலு வாரம் கழித்து 2.960.

180 கிராம். கையில் எடுத்தால் மூன்று முட்டைக் கனம்தான். ஆனால் அவள் உடம்பில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம். அறுபது கிலோ ஆள் ஒரு மாதத்தில் மூன்றரைக் கிலோ இறங்கினால் வீட்டில் சும்மா இருப்பார்களா? இதில் கொடுமை என்னவென்றால் அந்த மாதம் முழுக்க அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள், முன்னைவிடக் கூடுதலாக, தட்டை நக்கி முடித்து அம்மாவின் காலைச் சுற்றி வந்து திரும்பக் கேட்டாள். "வயசானாலும் நல்லாத் தின்னுது பாரு" என்று எல்லோருக்கும் சந்தோஷம். கிழட்டுப் பூனை நிறையத் தின்றுகொண்டே மெலிகிறது என்றால் அது சந்தோஷப்படுகிற செய்தி இல்லை, தைராய்டு கூடியிருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், குடல் தின்றதைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணுக்கு மெலிவு தெரியாது. ரோமம் மறைத்துவிடும், அடிவயிற்றில் தொங்குகிற சதை வேறு கொழுகொழு என்று காட்டும். முதுகெலும்பில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் பாசிமாலை மாதிரி ஒவ்வொரு மணியாகத் தட்டியது. பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன், 2019-ல் டாக்டர் கையெழுத்தில் 4.2 கிலோ.

அதுவரைக்கும் நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தது வாந்தியை மட்டும்தான். இந்த வாரம் இரண்டு தடவை, போன வாரம் மூன்று, அப்படியானால் குறைந்திருக்கிறது என்று ஒரு கணக்கு. பூனை என்றால் வாந்தி எடுக்கும், புல் தின்னும், ரோமம் கக்கும், அதெல்லாம் அதன் வழக்கம் என்று ஊரே சொல்லும். எப்போதோ ஒரு ரோம உருண்டை வருவது வேறு, வாரா வாரம் வருவது வேறு என்று முதலில் போய்க்கொண்டிருந்த டாக்டரும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் பூச்சி மருந்து, ஒரு ஆன்டிபயாடிக், பி காம்ப்ளக்ஸ் ஊசி. ஐந்து நாள் நன்றாக இருப்பாள், ஆறாம் நாள் பழையபடி. அவரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை, காலை முழுக்க மாடும் ஆடும் நாய்க்கடியும் நிற்கிற இடத்தில் கடவத்துக்குள்ளிருந்து கத்துகிற பூனையை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்.

நோட்டோடு வேறொரு டாக்டரிடம் போனோம், நாகர்கோவிலில். அவர் பூனையைத் தொடும் முன்னால் நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டார். "வாந்தி எத்தனைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, இதை யாரும் கொண்டு வரமாட்டாங்க" என்றார். இந்த மெஷினுக்கு நான் கொடுக்கிற நட்சத்திரங்களில் பாதி அந்த வாக்கியத்துக்குத்தான். ரத்தம் எடுத்துத் தைராய்டு, கிட்னி, சர்க்கரை மூன்றும் பார்த்தார்கள், மூன்றிலும் பெரிய குறையில்லை. பிறகு ஸ்கேன். அதற்கு மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போனோம், பாறசாலை தாண்டுகிற வரை ஒரே கத்தல், நெய்யாற்றின்கரையில் தொண்டை கட்டி ஓய்ந்தாள். அங்கே இருந்த டாக்டர் "பூச்சைக்கு எத்ர வயஸாயி?" என்று கேட்க, அப்பா பதினாறு என்றதும் அவர் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பூனையைப் பார்த்தார் பாருங்கள், அப்பாவுக்கு அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை.

குடல் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். அது நாள்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம், மெதுவாக வளர்கிற ஒருவகைப் புற்றாகவும் இருக்கலாம், ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், பிரித்துச் சொல்ல மயக்கம் கொடுத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் மயக்கம் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். எப்படியும் முதல் மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான், பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, புற்று என்றால் அதோடு இன்னொரு மாத்திரை சேரும், அவ்வளவு. அது சரியான முடிவா என்று ராத்திரியில் சில சமயம் தோன்றும். தோன்றட்டும்.

அதோடு வைட்டமின் பி12 ஊசி, வாரம் ஒன்று, ஆறு வாரம், பிறகு மாதம் ஒன்று. இது எனக்குப் புதிய விஷயம். பி12-ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி, அந்த இடம் புண்ணாகிக் கிடந்தால் எவ்வளவு மீன் தின்றாலும் உடம்பில் சேராது. பி12 குறைந்தால் குடல் ஆறுவதும் தாமதம், பசியும் போகும். அதனால் வாய் வழியாக இல்லாமல் தோலுக்கடியில் ஊசி. பிடரித் தோலைத் தூக்கிப் போடுவதற்கு அம்மா கற்றுக்கொண்டாள், எனக்குக் கை நடுங்கும்.

சாப்பாடு பற்றித் தனியாக எழுதலாம், இங்கே கொஞ்சம். டாக்டர் எழுதிக்கொடுத்த வயிற்றுக்கான பூனை உணவை மட்டும் இரண்டு வாரம், வேறு எதுவும் கூடாது, ஒரு துணுக்குக் கூட. சாப்பாட்டு ஒவ்வாமைதான் காரணமென்றால் குடல் தொந்தரவு பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே குறைந்து காட்டிவிடுமாம். கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பூனையை இரண்டு வாரம் மீன் இல்லாமல் வைத்துப் பாருங்கள். ஒன்பதாம் நாள் மெஷினில் 40 கிராம் கூடியிருந்தது, எங்களுக்கு ஒரே குஷி, மறுநாள் பார்த்தால் மூன்று தடவை வாந்தி, அதில் சாளை மீனின் தலை. பக்கத்து வீட்டு மாமி மதில் வழியாகப் போட்டிருக்கிறாள். "எலும்பும் தோலுமாட்டு நிக்குது மக்களே, உங்க வீட்டுல சோறு போடுதது இல்லியா?" என்று என்னிடமே கேட்டாள். அந்த மாமிக்கு நோட்டைக் காட்டி விளக்கினேன், தலையாட்டிவிட்டு, "கணக்கெல்லாம் சரி, அதுக்கு நாக்கு செத்துப் போச்சே" என்றாள். திரும்ப முதல் நாளிலிருந்து இரண்டு வாரம். இப்போது டாக்டர் உணவும், இரண்டு நாளுக்கொருமுறை வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும். சாளை, அயிலை மாதிரி நெய்யுள்ள மீன் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, நெத்தோலி வெந்தது ஒன்றிரண்டு கொடுத்தால் தாங்குகிறாள். பால் அடியோடு நிறுத்தினோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, இது தெரியாமல் பதினைந்து வருடம் காலையில் ஒரு கிண்ணம் ஊற்றியிருக்கிறோம்.

இடையில் ஒன்று, ரசச்சோற்றைப் பிசைந்து வைக்கிற வீடுகளுக்காக: உள்ளியும் (வெங்காயம்தான்) வெள்ளைப்பூண்டும் பூனைக்கு விஷம், ரத்த அணுக்களை உடைக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும்.

மெஷினுக்கு வருகிறேன். இதன் குறைகளும் நிறைய.

அலகு மாற்றுகிற பட்டன் டேர் பட்டனுக்கு ஒட்டியே இருக்கிறது. பங்குனியில் ஒருநாள் நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்து, "ஆறு புள்ளி நாலு காட்டுது, ஊசி அப்படி வேலை செய்யுது" என்றாள். குரலில் அழுகை. கை தட்டிப் பவுண்டுக்கு மாறியிருக்கிறது. 2.900 கிலோதான். அதை அம்மாவிடம் சொல்ல எனக்குச் சாயங்காலம் வரை ஆனது. இப்போது அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும், டேர் செய்து வைத்த பூஜ்யமும் அதோடு போய்விடும். குழந்தையைக் கிடத்துகிறவர்களுக்கு ஒரு நிமிடம் தாராளம், பூனை ஏறலாமா வேண்டாமா என்று பெட்டியைச் சுற்றி மோந்து பார்க்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஏறிய பிறகு திரும்ப ஆன் செய்தால் பூனையையும் சேர்த்துப் பூஜ்யமாக்கிவிடும். இதற்கு நான் கண்ட வழி, அவள் படுத்திருக்கும்போது ஆன் செய்து, பூஜ்யம் காட்டியதும் பெட்டியோடு தூக்கிவிடுவது, அப்போது மைனஸில் வரும் எண், அதிலிருந்து பெட்டியின் எடையைக் கழித்தால் பூனை. பெட்டி எடையைப் பெட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து உப்புக்காற்று பற்றி மெஷின் செய்தவனுக்குத் தெரிய நியாயமில்லை. மண்டைக்காடு கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஜன்னல் கம்பி வருடம் ஒரு பெயின்ட் கேட்கும் ஊர். ஐந்தாம் மாதமே பேட்டரி மாட்டுகிற தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்து ஆன் ஆகவில்லை. எலுமிச்சம்பழச் சாற்றைத் துணியில் தொட்டுத் துடைத்து, காயவைத்துப் போட்டேன், வேலை செய்கிறது. இப்போது எடை பார்த்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

தரையும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் பழைய சிவப்புச் சிமென்ட் தரையில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு 30 கிராம் வித்தியாசம் வந்தது, பாயின் மேல் வைத்தால் கேட்கவே வேண்டாம். பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு இடம் சரியாக இருந்தது, நாலு காலுக்கும் சாக்பீஸால் குறி போட்டுவிட்டோம். அங்கேயேதான், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால், முடிந்தால் மண்பெட்டிக்குப் போய் வந்த பிறகு. ஏனென்றால் ஒரே நாளில் சாப்பாடும் தண்ணீரும் மூத்திரமுமாக 50 முதல் 100 கிராம் வரை ஏறி இறங்கும். மலச்சிக்கல் நாலு நாள் நின்றபோது எடை ஏறிக்கொண்டே போனது, அது சதை இல்லை. அந்தச் சமயத்தில் இசப்கோல் ஒரு சிட்டிகையை நிறையத் தண்ணீரில் ஊறவைத்துக் கோழி வேகவைத்த நீரில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள், தண்ணீர் குறைந்தால் அதுவே அடைப்பாகிவிடும் என்றும் சொன்னார்கள். ஆகவே ஒருநாள் எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். நான் தினமும் எழுதுகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி வகுத்து வருகிற ஒன்றைத்தான் நம்புகிறேன்.

இன்னும் ஒன்று இந்த மெஷினால் முடியாது. ஏறுகிற எடை சதையா, கொழுப்பா, நீரா என்று அதற்குத் தெரியாது. பிரட்னிசலோன் பசியைத் தூண்டும், அதனால் ஏறியதில் எவ்வளவு கொழுப்போ. வயிற்றில் நீர் கோத்தாலும் எடை கூடும். அதனால் வாரம் ஒருமுறை முதுகெலும்பில் விரல் ஓட்டுவதையும் விடவில்லை.

ஆடி மழையில் நடந்ததைச் சொன்னால் இதன் உபயோகம் முழுதாகப் புரியும். ஒரு திங்கட்கிழமை காலை சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மழை, குளிர், கிழவி, சரி போகட்டும் என்று விட்டோம். சாயங்காலமும் தொடவில்லை, தண்ணீர் மட்டும் இரண்டு நக்கு. ஞாயிறு 3.180, செவ்வாய் காலை 3.085. இரண்டு நாளில் 95 கிராம். முன்னாலென்றால் இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று அப்பா சொல்லியிருப்பார், நாங்களும் கேட்டிருப்போம். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும், நாய்க்கு ஒருநாள் பட்டினி போடுகிற மாதிரி பூனைக்குப் போடவே கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்பாதான் நோட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார், "வண்டியை எடு மக்கா." மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தோம். தோலுக்கடியில் 100 மில்லி சலைன், வாந்திக்கு ஊசி, பசிக்கு ஒரு மாத்திரை. ராத்திரி வீட்டுக்கு வந்து மெஷினில் வைத்தால் கிட்டத்தட்ட 100 கிராம் கூடியிருக்கிறது, அம்மாவுக்குச் சந்தோஷம், அது ஏற்றிய சலைனின் எடை என்று தங்கை சொல்லித் திட்டு வாங்கினாள். மறுநாள் அது கரைந்து இறங்கியது. வியாழக்கிழமை மத்தியானம் கோழிக்கறி வேகிற வாசனைக்கு எழுந்து வந்தாள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டால், ஒன்றிரண்டு வயதுப் பூனை நன்றாக ஓடி விளையாடுகிறது என்றால் இதற்குக் காசு போட வேண்டாம், ஆறு மாதத்துக்கொருமுறை தேங்காய்க்கடையே போதும். பத்து வயது தாண்டிய பூனை, அதிலும் வயிறு, கிட்னி, தைராய்டு என்று ஏதாவது ஒன்று இருந்தால், அடுத்த பாக்கெட் விலை கூடிய உணவை வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள். அந்த உணவு வேலை செய்கிறதா என்று சொல்வதற்கும் இதுதான் வேண்டும். என் அலமாரியில் மூன்று வகை உணவு பாதி தீர்ந்த பாக்கெட்டுகளாகக் கிடக்கின்றன, எது ஒத்துக்கொண்டது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, அப்போது எண் எழுதவில்லை. ட்ரேயில் குழந்தையின் உயரம் அளக்க ஓரமாக ஒரு டேப் அச்சடித்திருக்கிறார்கள், அதற்கு மட்டும் இதுவரை பயன் கிடைக்கவில்லை. ஒருநாள் வாலை அளந்து பார்த்தோம்.

ஐந்தில் நாலு நட்சத்திரம். பட்டனுக்கு அரை, களிம்புக்கு அரை குறைத்திருக்கிறேன்.

மிகக் கீழே போனது பங்குனி நடுவில், 2.870. ஆனி கடைசியில் 3.150. இன்றைக்குக் காலை 3.215. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கடித்துக் கடித்துத் தீர்த்துவிட்டாள், வேறு பெட்டி வைத்தால் ஏறமாட்டேன் என்கிறாள், அதனால் பழையதன் மேலேயே செல்லோடேப் ஒட்டி எடையைத் திருத்தி எழுதியிருக்கிறேன்.